சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய படம்

டொக், டொக், டொக் என்று கரண்டிக் காம்பால் டிரம்மின் விளிம்பில் தட்டிவிட்டு முப்பிடாதியம்மாள் நிறுத்துகிறாள். கையில் பாதி நிறைந்த மாவுக் கவர். எதிரே நிற்கும் பெண் மாவு வாங்க வந்ததையே மறந்துவிட்டாள். "மழையின்னா மழை, அப்படி ஒரு மழை. உள்ள அந்தப் பிள்ள ஒத்தையில கெடக்கா. கம்பு ஒவ்வொரு படியா ஏறி வருது. வந்து நின்னுட்டு. கதவு..." இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஒரு கதவைத் திறப்பாள். எண்ணெய் காணாத கீல் எப்படி முனகுமோ அப்படியே இருக்கும். எதிரே நிற்பவள் தோளைக் குறுக்கிக்கொள்வாள். அடுத்த மூச்சில், "இட்லிக்கா தோசைக்கா?" என்று கேட்பாள் முப்பிடாதியம்மாள்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. சங்கரன்கோவிலில் ரதவீதியை விட்டு உள்ளே நுழையும் ஒரு சந்தில், வீட்டின் முன்னறையில் இரண்டு கிரைண்டர், ஒரு மேசை, மூடி போட்ட இரண்டு நீல டிரம். அறுபத்தொரு வயதான முப்பிடாதியம்மாள் கிரைண்டர்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். மாவு அரைபட்டுவிட்டதா என்று திரும்பிப் பார்ப்பதில்லை, விரலால் தொட்டுப் பார்ப்பதும் இல்லை. கல்லின் சத்தம் கரகரப்பு நீங்கி அடங்கி இறங்கும் ஒரு கணம் உண்டு. பேச்சை நிறுத்தாமலே அப்போது கையைப் பின்னால் நீட்டி சுவிட்சை அணைப்பாள். சந்து முனையில் செருப்புச் சத்தம் கேட்கும்போதே வருவது யாரென்று அவளுக்குத் தெரியும். புதிய ஆள் யாராவது பேசினால் முகத்தைப் பார்க்க மாட்டாள். தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுப்பாள். அவர் போன பிறகு தீர்ப்பு வரும். "பேச்சுல கல்மிஷம் இல்ல. நல்ல மனுசன்." இல்லாவிட்டால், "தொண்டையில என்னமோ ஒளிச்சு வச்சிருக்கான்." பெரும்பாலும் அது சரியாகவே இருந்துவிடுகிறது. அடிக்கடி சரியாக இருப்பது மனிதருக்கு நல்லதல்ல என்பதை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

சந்தில் அவளுக்கு இருக்கும் மரியாதையில் பாதி மாவுக்கு, மீதி அந்தப் படத்துக்கு. பழைய கறுப்பு வெள்ளைப் படம். கொலைகாரன் யாரென்று கடைசிவரை தெரியாத வகை. சுவரொட்டியில் அதற்கு என்ன பெயர் இருந்ததோ, இங்கே அது 'கம்புக்காரர் படம்'. மலைமேல் ஒரு பங்களா, ஓர் உயில், மூன்று கொலைகள். ஒவ்வொரு கொலைக்கும் முன்னால் யாரோ கம்பு ஊன்றி நடந்து வரும் சத்தம். அந்த வீட்டில் கம்பு ஊன்றி நடப்பவர் பெரியப்பா ஒருவர்தான். முப்பிடாதியம்மாளின் கதையில் அவரே கொலைகாரர். போலீஸ் வந்ததும் கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்து சாவார். "இத நான் ஏழு தடவ பாத்திருக்கேன்" என்பது கதையின் கடைசி வரி.

அவளை உயர்ந்த கதைசொல்லி என்று எழுதிவிடத் தயக்கமாக இருக்கிறது. யாரைச் சந்தேகப்படுகிறோமோ அவரே குற்றவாளி என்று முடிகிற கதையில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, ஒருவித நிம்மதிதான் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் அவள் கதை மற்றவர்கள் சொல்லும் சினிமாக் கதைகளைப் போல இருக்காது. பங்களா எப்படி இருந்தது என்று கேட்டால், "பெரிய வீடு. பேசுனா எதிரொலி வரும்" என்பாள். கதாநாயகி அழகா என்றால், "கை நெறைய வளையல் போட்டிருந்தா" என்பாள். இன்ஸ்பெக்டர் எப்படி என்றால், "பூட்ஸுல லாடம் அடிச்சிருந்தான்." நாற்பது வருஷமாகக் கேட்டவர்களில் ஒருவரும் இந்தப் பதில்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஏழு தடவையல்ல, அந்தப் படத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அவள் பிறந்த வீடு ஊரின் இன்னொரு பக்கம், ஒரு தியேட்டரின் பின்சுவரை ஒட்டி இருந்தது. திரைக்குப் பின்னால்தான் ஒலிபெருக்கிகள் இருக்கும் என்பதால் டிக்கெட் எடுத்தவர்களைவிட அந்த வீட்டுக்குச் சத்தம் தெளிவாக வந்தது. படம் பார்க்கிற பெண் உருப்படாது என்பது அவள் அய்யாவின் கொள்கை. மகளைத் தியேட்டர் வாசல் பக்கம்கூட விடவில்லை. சுவரை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, இலை வெட்டிச் சுற்றிக்கொண்டே கேட்பாள். அந்தப் பழைய படத்தைத் திரும்பக் கொண்டுவந்து இருபத்துமூன்று நாள் ஓட்டினார்கள். தினமும் இரண்டு ஆட்டம். ஏழு என்று அவள் சொன்னது குறைத்துச் சொன்னதுதான்.

காதுக்குக் குரல் கிடைக்கும், முகம் கிடைக்காது. முகத்தை அது வேறு எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ள வேண்டும். கனத்த குரல் இன்ஸ்பெக்டருக்குத் தன் தாய்மாமனின் மீசையைக் கொடுத்தாள். பெரியப்பாவுக்கு முகமே கொடுக்கவில்லை, அவருக்குக் கம்பு போதும் என்று விட்டுவிட்டாள். படத்தில் ஒரு குடும்ப டாக்டர் வருவார். ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் வந்து எல்லோருக்கும் ஆறுதல் சொல்வார். அந்தக் குரல் அவளை என்னவோ செய்தது. பெண் பார்க்க வந்த நாளில், "மாப்பிள்ளையப் பாக்காண்டாம். ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க" என்று அம்மாவிடம் பிடிவாதம் பிடித்தாள். வந்திருந்த சுடலைராஜ், "இன்னுங் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள், அந்த டாக்டர் குரலின் சாயல் இருக்கவும் சரி என்றாள். அந்த முடிவை இதுவரை அவள் மாற்றிக்கொள்ள நேரவில்லை.

கல்யாணம் முடிந்து முதல் தடவையாகத் தியேட்டருக்கு அழைத்துப் போன சுடலைராஜ் பாதிப் படத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார். திரைக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, படம் அங்கன ஓடுது, நீ செவுத்த பாத்துக்கிட்டு இருக்க" என்றார். அன்றுதான் சுவர் கதையை அவரிடம் சொன்னாள். புகுந்த சந்தில் வேறு யாரிடமும் சொல்லவில்லை. வந்த புதிதில், "அந்தப் படம் பாத்திருக்கியா?" என்று ஒருத்தி கேட்டாள். பாத்திருக்கேன் என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது. பிறகு அந்த ஒரு வார்த்தைக்கு எண்ணிக்கை முளைத்தது.

அதைக் கிண்டிப் பார்க்க ஆசைப்பட்டவள் மூன்றாம் வீட்டு மாலதி. தாலுகா ஆபீஸில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். காற்புள்ளி தவறினால்கூடக் கண்ணில் படும். மாலதியின் அண்ணன் மதுரையிலிருந்து போனில் பேசும்போது, அந்தப் படத்தில் பெரியப்பா கொலைகாரன் இல்லையே என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். மாலதி அதை அன்று மாலையே மாவு டிரம்முக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "ஒங்க அண்ணாச்சி பந்தியில எல போட்டா எலையிலயே தூங்குத ஆளு. படத்துல முழிச்சிருந்தாராக்கும்?" என்றாள் முப்பிடாதியம்மாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மாலதியும் சிரித்தாள். ஆனால் விஷயத்தைக் கோப்பில் போட்டுக்கொண்டாள்.

போன தை மாதம் எதிர்வீட்டு ஷாஹின் பானு ஒரு சேதி கொண்டுவந்தாள். கடையநல்லூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், பள்ளிக்கூட ஆசிரியை. கணவன் துபாயிலிருந்து வந்தபோது சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டி.வி. வாங்கி மாட்டிவிட்டுப் போயிருந்தான். அதில் கம்புக்காரர் படம் இருக்கிறது, யாரோ பழைய பிரதியைச் சுத்தம் செய்து நெட்டில் போட்டிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்ப்போம் என்றாள். "நான் நீங்க வந்த பொறவுதான்க்கா போடுவேன். ஒங்களுக்காகத்தான் தேடுனேன்."

முதல் ஞாயிறு முப்பிடாதியம்மாளுக்குத் தலைவலி. இரண்டாம் ஞாயிறு கல்யாண வீட்டுக்கு உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. மூன்றாம் ஞாயிறுக்கு முந்தைய நாள் மாலதி தூக்குவாளியோடு வந்து நின்றாள். "ஏழு தடவை பாத்தவளுக்கு எட்டாந்தடவை பாக்க என்ன தயக்கம் முப்பிடாதி?" என்றாள். மாவு கரண்டியிலிருந்து வழிந்தது. வருகிறேன் என்று சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இதைப் புருஷனிடம் சொல்லவேண்டும். அதிலும் ஒரு சிக்கல். முப்பது வருஷம் விசைத்தறியில் நின்றதில் சுடலைராஜுக்குக் காது மந்தம். அவரிடம் ரகசியம் சொன்னால் சந்து முழுவதும் கேட்கும். இரண்டு கிரைண்டரையும் அரிசியே போடாமல் ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அவர் காதில் கத்தினாள். படம் அவள் சொன்னபடி இல்லாவிட்டால் நாளை முதல் யார் முகத்தில் முழிப்பது என்று கேட்டாள். சுடலைராஜ் முழுவதையும் கேட்டாரோ பாதியைத்தான் கேட்டாரோ, "போயி பாத்துட்டு வா. நாப்பது வருசமா அந்தக் கம்புக்கார மனுசன் மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்க ஒனக்கு ஆச இருக்காதா?" என்றார். இருந்தது. பயத்துக்கு அடியில் அதுவும் இருந்தது.

ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு ஷாஹின் பானுவின் வீட்டில் எட்டுப் பெண்கள் கூடினார்கள். முன் நாற்காலியில் மாலதி. ஷாஹினின் மாமியார் ஆமினாள் கட்டிலில் சாய்ந்து, பல்லுக்கு ஒத்துவராத முறுக்கை ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தாள். படம் தொடங்கியது.

முதல் அரைமணி நேரம் முப்பிடாதியம்மாளின் கொடி பறந்தது. யார் வாயைத் திறந்தாலும் வசனம் அவள் உதட்டில் முன்னால் வந்து நின்றது. "இப்ப போன் அடிக்கும்" என்றாள், அடித்தது. "தட்டு ஒண்ணு ஒடையும்" என்றாள், உடைந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். ஆனால் அவள் கண் திண்டாடிக்கொண்டிருந்தது. லாடம் அடித்த பூட்ஸுக்குள் இருந்தவர் ஓமக்குச்சி போல ஒல்லியான ஒரு மனிதர். அந்தக் கனத்த குரல் அவர் உடம்பில் எங்கிருந்து வருகிறது என்றே புரியவில்லை. வளையல் கதாநாயகியுடையது அல்ல, வேலைக்காரியுடையது. நாற்பது வருஷமாக வேலைக்காரியின் நடையைக் கதாநாயகிக்குக் கொடுத்து வைத்திருந்திருக்கிறாள். ஆட்கள் கலங்கிப்போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள். யார் எங்கே என்று காதால் பிடித்துக்கொண்டு, மறுபடி திறப்பாள்.

இரண்டாம் கொலை வந்தது. அவள் கதையில் அந்தக் கொலைக்கு முன்னால் ஒரு நாய் நீளமாக ஊளையிடும். "நாய் எங்க?" என்றாள் மாலதி, திரும்பாமலே. "வரும்" என்றாள் முப்பிடாதியம்மாள். வரவில்லை. டாக்டர்தான் வந்தார். குரலுக்கு ஏற்ற முகம், நெற்றியில் ஒரு முடிக்கற்றை. அவளுக்கு மூச்சு வந்தது. இவர் ஒருவராவது அவள் வைத்த இடத்தில் இருந்தார்.

கடைசிக் கட்டம் நெருங்கும்போது பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள். ஷாஹின் படத்தை நிறுத்தினாள். பாங்கு முடிந்ததும் ஆமினாள் எழுந்து, "நீங்க பாருங்க, எனக்காண்டி காக்காண்டாம்" என்று சொல்லித் தொழுவதற்கு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஷாஹின் கொஞ்சம் பொறுத்துத் தொழுதுகொள்வதாக உட்கார்ந்துவிட்டாள். "இனிமே பேச்சே கெடையாது" என்றாள் முப்பிடாதியம்மாள். "கம்பு மட்டுந்தான்."

மழை. இருட்டு மாடிப்படி. டொக், டொக் என்று சத்தம் கீழிருந்து ஏறுகிறது. கதாநாயகி கதவுக்குப் பின்னால் நடுங்குகிறாள். அப்போது ஒரு மின்னல். மாடியின் உச்சியில் பெரியப்பா நிற்கிறார். நரைத்த தலை, மெலிந்த உடம்பு. இரண்டு கையாலும் படிக்கட்டுக் கிராதியைப் பிடித்துக்கொண்டு, கால் நடுங்க நிற்கிறார். அவரிடம் கம்பு இல்லை. கம்பின் சத்தம் கீழிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அடுத்த மின்னலில் கம்பு தெரிகிறது, அதைப் பிடித்த கையுறை தெரிகிறது, நெற்றியில் விழுந்த முடிக்கற்றை தெரிகிறது. பெரியப்பா கிராதியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து, அந்தப் பெண்ணின் கதவுக்கு முன்னால் குறுக்கே விழுகிறார். அவர்மேல் தடுக்கிய டாக்டர்தான் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் போகிறார். அலறல். போலீஸ் விசில். "எல்லாம் முடிந்தது" என்று ஒரே ஒரு வசனம். படம் முடிந்தது.

எல்லோரும் முப்பிடாதியம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டாக்டர்லா முப்பிடாதி?" என்றாள் மாலதி. குரலில் வெற்றிகூட இல்லை, உண்மையாகவே குழம்பியிருந்தாள். ஷாஹின் பானுவுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் வேறு முடிவு வைத்து ஓட்டியிருப்பார்கள், நம்ம ஊருக்கு வந்த பிரதி வேறாக இருக்கும் என்றாள். அப்படியும் இருக்கலாம் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். அவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தலையை ஒரு தடவை மேலும் கீழும் அசைத்தால் போதும், நாளைக் காலை டிரம்முக்கு முன்னால் எல்லாம் பழையபடி இருக்கும்.

அசைத்தால் பெரியப்பா மறுபடியும் பள்ளத்தில் விழவேண்டும். முகம் இல்லாதவரை அவரைத் தள்ளிவிடுவதில் அவளுக்குக் கஷ்டம் இருந்ததில்லை. இப்போது பார்த்துவிட்டாள்.

"முடிவு ஒண்ணுதான்" என்றாள். "நான்தான் படத்தப் பாக்கவே இல்ல. செவுத்துக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்."

அய்யா, பீடித் தட்டு, இருபத்துமூன்று நாள், ஒன்றையும் விடாமல் சொன்னாள். "அப்ப அந்த நாய்?" என்றாள் மாலதி. "அது எங்க தெரு நாயி" என்றாள் முப்பிடாதியம்மாள். முதலில் சிரித்தது அவள்தான். பிறகு ஹாலே அதிர்ந்தது. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே மாலதி கேட்டாள், "தொண்டையில ஒளிச்சு வச்சிருக்கதை எல்லாம் கண்டுபிடிக்கிறவளாச்சே நீ. நாப்பத்தாறு தடவை கேட்டும் அந்த டாக்டரைத் தெரியலியா?"

அது தைத்தது. பொய் சொன்னதை ஒத்துக்கொண்டபோது வராத ரோஷம் இப்போது வந்தது. "கேட்டா யாருக்குமே தெரியாது மாலதிக்கா. ஒங்களுக்கும் தெரியாது" என்றாள். ஏன் தெரியாது, குரலில் ஒரு வழுக்கல் இருக்கத்தானே செய்கிறது என்றாள் மாலதி. படம் பார்த்து முடித்தவர்களுக்கு எல்லாமே முன்பே தெரிந்ததுபோல் இருக்கும். மற்றப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

உள்ளறைக் கதவு திறந்தது. தொழுகைத் துணி தலையிலேயே இருக்க, ஆமினாள் அவசரமாக வந்தாள். "படம் முடிஞ்சிட்டா? கொன்னது யாரு புள்ள?"

ஷாஹின் வாயைத் திறந்தாள். முப்பிடாதியம்மாள் கையை நீட்டித் தடுத்தாள். "ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது."

கட்டிலில் கிடந்த விரிப்பை உருவி உதறினாள். டி.வி.யின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அதைத் தொங்கவிட்டு, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள். "கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, கொன்னது யாருன்னு" என்று ஆமினாளைக் கட்டிலில் உட்காரவைத்தாள். "பாங்கு சொன்ன எடத்துல இருந்து போடு தாயி" என்றாள் ஷாஹினிடம்.

விரிப்புக்குப் பின்னால் மழை பெய்யத் தொடங்கியது. முப்பிடாதியம்மாள் ஒரு நாற்காலியை இழுத்து ஆமினாளுக்கு நேர் எதிரே போட்டு, முழங்காலில் கையை ஊன்றி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.